மைக்கில் கோளாறு இல்லை

நீரஜா வலது காதைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். கேட்கவில்லை என்று அர்த்தம். வேதாந்தத்துக்கு அது அத்துப்படி. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதல் தடவை அவள் பதறிப்போய்ப் பின்னால் திரும்பி, "அம்மா, அப்பாவுக்குக் குரலே வரல" என்று கத்தினாள். இப்போது அந்தப் பதற்றமெல்லாம் இல்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், பள்ளியில் ஆஜர் சொல்வதுபோல, முதல் காரியமாகக் காதைத் தொட்டுக் காட்டிவிடுகிறாள். அப்புறம் தன் பாட்டுக்கு ஏதோ பேச ஆரம்பிக்கிறாள். அவள் பேசுவது இவனுக்குத் தெளிவாகக் கேட்கிறது. இவன் பேசுவதுதான் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"நீரு, இப்போ? இப்போ கேக்கறதா? ஹலோ. ஹலோ. ஹலோ!"

மூன்றாவது ஹலோவுக்கு மாடி வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மந்தைவெளியில் அந்தப் பழைய ஃப்ளாட்டில் உட்கார்ந்து அவன் போட்ட கூச்சல் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும். பாலத்தைத் தாண்டி, நாலு கிலோமீட்டர் தள்ளி, அடையாறில் இருக்கிற ஏழு வயதுக் குழந்தைக்குக் கேட்கவில்லை. ஹெட்செட்டின் வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினான். சவுண்ட் செட்டிங்கைத் திறந்தான். மைக் படத்துக்குப் பக்கத்தில், அவன் பேசப் பேச, பச்சைக் கோடு துள்ளியது. அதாவது கம்ப்யூட்டருக்குக் கேட்கிறது. அதற்குக் கேட்பது குழந்தைக்கு ஏன் கேட்கவில்லை என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. போன வாரம் புது ஹெட்செட் வாங்கினான். அதற்கு முந்தின வாரம் வீடியோ கால் செயலியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினான். அதற்கும் முந்தின வாரம் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டதிலேயே அரை மணி நேரம் ஓடிப்போயிற்று. குழந்தையோடு பேச அவனுக்கு வாரத்தில் வாய்த்தது அந்த அரை மணி நேரம்தான். ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. நீதிமன்றத்தின் ஆலோசனை மையம் அனுப்புகிற லிங்க் தானாக அறுந்துவிடும். அன்றைக்கும் அறுந்தது. "பை அ..." என்று ஆரம்பித்த குழந்தையின் கை பாதியில் உறைந்து, திரை கறுத்தது.

வேதாந்தம் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தான வண்டிகளைப் போய்ப் பார்த்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு, எது உண்மை எது ஜோடனை என்று எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறான். எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள், வேதாந்தம் சாரிடம் பொய் செல்லாது என்று. எத்தனை மணிக்கு நடந்தது, வண்டியில் யார் யார் இருந்தார்கள், முன்னால் போனது என்ன வண்டி, பிரேக் அடித்தாயா இல்லையா. ஒரே கேள்வியைப் பத்து நிமிஷம் கழித்து வேறு மாதிரி கேட்பான். பதில் மாறினால் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பட்டறைகளில் பயம் உண்டு. தொழிலை வாசலோடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிற சாமர்த்தியம் மட்டும் அவனுக்கு வரவில்லை. மனைவி ஸ்ரீலக்ஷ்மி ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், எத்தனை மணிக்குக் கிளம்பினாய், கூட யார் வந்தார், ஏன் அந்த வழியாக வந்தாய் என்று ஆரம்பிப்பான். ஒருநாள் அவள் கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, "நான் என்ன இடிச்சு நிக்கற வண்டியா? சுத்திச் சுத்தி வந்து பாக்கறேளே" என்றாள். அடுத்த மாதம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அடையாறில் தன் அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

வழக்கு நடந்தது. முதல் தடவை ஆலோசனை மையத்தில் வைத்துக் குழந்தையைக் காட்டினார்கள். நீரஜா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அழுதாள். ஆலோசகர் அம்மாள் நல்ல மாதிரி. எடுத்தவுடன் நேரில் வேண்டாம், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசட்டும், குழந்தை பழகட்டும், பிறகு வாரம் ஒருநாள் அவன் வீட்டுக்கே அனுப்பலாம் என்று எழுதினார். வேதாந்தம் அன்றைக்கே வாசல் அறையைக் காலி செய்து அவளுக்கென்று ஒரு சின்ன மேஜை வாங்கிப் போட்டான். முதல் மூன்று வாரம் செல்போனில் பேசினான். அதில் ஒரு கோளாறும் இல்லை. இவன் பேசியது அவளுக்குக் கேட்டது, அவள் பேசியது இவனுக்குக் கேட்டது.

பிறகு ஏன் கம்ப்யூட்டருக்கு மாறினான் என்றால், வக்கீல் சங்கரன் சொன்னார். "எல்லாத்தையும் ரெகார்ட் பண்ணி வெச்சுக்கோ. கொழந்தை வாய்லேர்ந்து ஏதாவது ஒண்ணு விழும். நாளைக்கு அது ஒதவும்." செல்போனில் படம் பதிவானது, குரல் பதிவாகவில்லை. குரல் இல்லாத சாட்சியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ரெகார்டிங் செயலியைப் போட்டான். ஞாயிறு பத்து ஐம்பத்தைந்துக்குத் தானாகவே தொடங்கி, பதினொன்று முப்பத்தைந்துக்குத் தானாகவே நிற்கும்படி அமைத்தான். அந்த வாரத்திலிருந்துதான் அவன் குரல் போயிற்று. எந்த வாரமும், எந்த நிமிஷமும், மேஜை மேலேயே கிடந்த செல்போனை எடுத்து அதே லிங்க்கைத் தட்டியிருந்தால் குழந்தையோடு பேசியிருக்கலாம். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பேசினால் பதிவு இருக்காது. இரண்டில் எது வேண்டும் என்று ஐந்து ஞாயிறும் அவனே முடிவு செய்தான்.

புதன்கிழமை சங்கரன் கூப்பிட்டு, எதிர்த் தரப்பு மனு போட்டிருக்கிறது என்றார். மனுவின் படம் வாட்ஸாப்பில் வந்தது. பட்டறை வாசலில், நசுங்கிய ஒரு காரின் பக்கத்தில் நின்றபடி அதைப் படித்தான். தகப்பனார் வேண்டுமென்றே மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறார். குழந்தையோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அழைப்பு முடிந்த பிறகு குழந்தை தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொள்கிறது. அப்பாவுக்கும் சேர்த்து அதுவே பேசுகிறது. ஆகவே இந்த அழைப்புகளை நிறுத்த வேண்டும், நேரில் சந்திக்கும் ஏற்பாட்டையும் கைவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை விசாரணை.

"பொய் சார்! நான் தொண்டை கிழியக் கத்திண்டிருக்கேன்" என்றான் போனில்.

"ஒன்கிட்டதான் ரெகார்டிங் இருக்கே. அதுல ஒன் குரல் இருந்தா போறும், மனு அங்கயே படுத்துடும். திங்கக்கெழமை பென் டிரைவ்ல போட்டுக் கொண்டு வா. அதுக்குள்ள அந்த மைக்கை எவனையாவது வெச்சு ரிப்பேர் பண்ணு. இந்த ஞாயித்துக்கெழம நீ கொழந்தையோட பேசியே ஆகணும், கேட்டியா?"

சனிக்கிழமை மத்தியானம் மெஹபூப் அலி வந்தார். திருவல்லிக்கேணிக்காரர். அறுபதை நெருங்குகிற வயது. மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் சட்டையெல்லாம் தூசி. முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேஜையின் முன் உட்கார்ந்தார். வேதாந்தம் நின்றுகொண்டே முழு விவரமும் சொன்னான். எந்தத் தேதியில் என்ன செய்தான், எந்த ஓட்டையில் எதைச் செருகினான், எதை ஏற்றினான், எதை இறக்கினான் என்று வரிசையாக. சர்வே ரிப்போர்ட்டுக்கு அவனிடம் குறை வைக்க முடியாது. மெஹபூப் அலி பாதி கேட்டார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தார். பச்சைக் கோடு துள்ளியது.

"மைக்கு நல்லாத்தான் கீது சார்."

"அதான் எனக்கும் தெரியறதே. அப்புறம் ஏன் போகல?"

"கால் பேசறப்போ வேற இன்னா ஓட்டுவீங்க இதுல?"

"ஒண்ணும் இல்ல. ரெகார்டிங் மட்டும்."

மெஹபூப் அலி திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு ரெகார்டிங்கை ஓடவிட்டார். தன் செல்போனிலிருந்து ஒரு வீடியோ கால் போட்டு, கம்ப்யூட்டரில் எடுத்து, ஹலோ என்றார். செல்போன் ஊமையாக இருந்தது. ரெகார்டிங்கை நிறுத்திவிட்டு ஹலோ என்றார். செல்போன் ஹலோ என்றது. இரண்டு தடவை அப்படியே செய்து காட்டினார்.

"பாத்தீங்களா? இது முன்னாடியே போய் மைக்கைப் புட்ச்சிக்கினு உக்காந்துகீது. பின்னாடி வர்றவனுக்கு வுடமாட்டேங்குது. நீங்க பேசற பேச்சு மொத்தம் ரெகார்டிங்குக்குப் போய்க்கினு கீது. பாப்பாவுக்கு எப்டி போவும்?"

மைக்கின் உள் அமைப்பைத் திறந்து காட்டினார். ஒரு செயலி மைக்கைத் தனக்கே என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். அதை எடுத்தார். மறுபடி ரெகார்டிங்கை ஓடவிட்டு ஹலோ என்றார். செல்போனும் ஹலோ என்றது. மொத்தமும் அரை நிமிஷ வேலை. வேதாந்தத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். ஐந்து ஞாயிறு. இரண்டரை மணி நேரம். ஒரு டிக்.

"ரெகார்டிங்ல உங்க வாய்ஸ் சுத்தமா வந்துகீதான்னு ஒருவாட்டி பாத்துடறேன்" என்று மெஹபூப் அலி ஃபோல்டரைத் திறந்தார். தேதிவாரியாக அடுக்கியிருந்தான். ஒன்றைக்கூட அவன் போட்டுக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்துக்கொள், ரிப்போர்ட் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது தொழில் பழக்கம். அவர் நடுவில் இருந்த ஒன்றைத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து வேதாந்தத்தின் குரல் வந்தது.

"நேத்திக்கு ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின? ஆத்துக்கு யாராவது வந்தாளா? அம்மாவோட ஆபீஸ் மாமா வந்தாரா? காரா, பைக்கா? சொல்லு."

அதன் மேலேயே நீரஜாவின் குரல், துள்ளிக்கொண்டு: "பல்லா? ஆமாம்பா, விழுந்துடுத்து! நீ பாத்துட்டியா? இட்லி சாப்பிடறச்சே விழுந்துடுத்து. அழுதியான்னு கேக்கறியா? அழவே இல்லப்பா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தலைய ஆட்டாதே."

"பத்திரமா வெச்சிருக்கேன். ஒனக்குக் காட்டணும்னுதான். அம்மா தூக்கிப் போடச் சொன்னா, நான் போடல."

"அம்மா சொல்லிக் குடுத்தாளா, காது கேக்காத மாதிரி நடின்னு? எனக்குத் தெரியும் நீரு. நடிக்காதே. என்கிட்ட பொய் செல்லாது."

"பாட்டா பாடற? வாய் பெரிசா பெரிசாத் தொறக்கறதே! கொஞ்சம் மெதுவாப் பாடுப்பா, எனக்குப் புரியல." அவள் சிரித்தாள். பிறகு, அவன் என்னவோ கேட்டுவிட்ட மாதிரி, யோசித்து, "ம், எனக்கும்தான்" என்றாள்.

மெஹபூப் அலி கையை நீட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. வேதாந்தம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். இன்னொரு ஆள் இருக்கும்போது அவிழ்ந்து விழுந்த வேட்டியைக் கட்டுகிறவனின் அவசரம் அவனுக்கு இருந்தது, ஆனால் எதை எடுத்துக் கட்டுவது என்று தெரியவில்லை. அந்தக் குழந்தைப் பேச்சை எல்லாம் அவன் கேட்டுத்தான் இருந்தான். ஹெட்செட்டில், தெளிவாக, நேருக்கு நேராக. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் என்று காதோடு தள்ளிவிட்டிருந்தான். இவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அதனால், ஓர் அப்பா என்ன கேட்பார் என்று அவளே ஊகித்து, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இத்த கோர்ட்ல குடுக்கப் போறீங்களா சார்?"

"வக்கீல் கேட்டிருக்கார்."

மெஹபூப் அலி பையை மூடிக்கொண்டு எழுந்தார். காபி வேண்டாம் என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாப்பா நல்லா பேசுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் வேதாந்தம் ஐந்து பதிவுகளையும் ஒன்று விடாமல் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிற்று. அது சத்தம் போடுகிற குரல்கூட இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. நிதானமாக, ஒரே ஸ்தாயியில், பதில் வரும்வரை நகராமல் நிற்கிற குரல். பட்டறையில் அதைக் கேட்டு நாற்பது வயது லாரி டிரைவர்கள் வியர்த்துப் போனதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். முதல் மூன்று வாரம் செல்போனில் இதே குரலில்தானே பேசியிருப்பான்? அப்போது அவளுக்குக் கேட்டதே. அப்போது அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தான். குரல் இல்லை என்று அந்தப் படங்களை அப்போதே அழித்திருந்தான். நினைவிலும் ஒன்றும் இல்லை. அவள் சொன்ன பதில்கள் மட்டும் தேதியோடு ஒரு நோட்டில் இருந்தன.

சங்கரன் கூப்பிட்டார். "என்ன ஆச்சு?"

வேதாந்தம் விஷயத்தைச் சொன்னான். மைக் சரியாகிவிட்டது, ரெகார்டிங்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது, வந்து பார்த்தவர் எழுதிக்கூடக் கொடுப்பார் என்றான்.

"மெக்கானிக் எழுதிக் குடுத்தார்னு ஜட்ஜம்மாகிட்ட நீட்ட முடியுமா? ஒன் குரல்தான் ப்ரூஃப். அஞ்சையும் கொண்டு வா. எதிர்த் தரப்புக்கும் ஒரு காப்பி குடுக்கணும், அது எப்பவும் இருக்கறதுதான். ஏன் இழுக்கறே? ஏடாகூடமா ஒண்ணும் இல்லையே அதுல?"

"இல்ல சார்."

"கொடுக்கலேன்னா நீ பேசவே இல்லேன்னுதான் ஆகும். தெரிஞ்சுக்கோ. அப்புறம் வீடியோவும் கெடையாது, நேர்லயும் கெடையாது."

போனை வைத்தான். கொடுத்தால் அவன் பேசினான் என்று நிரூபணமாகும். என்ன பேசினான் என்பதும் சேர்ந்தே நிரூபணமாகும். ஸ்ரீலக்ஷ்மி கேட்பாள், ஆலோசகர் அம்மாள் கேட்பார். பெரியவளானதும் ஒருநாள் நீரஜாவே கேட்பாள். தான் பல்லைப் பற்றிப் பேசியபோது அப்பா நிஜமாக என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் அவள் கிடைக்கமாட்டாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ பேரை இந்த மாதிரி மூலையில் நிறுத்தியிருக்கிறான். அவர்களெல்லாம் என்ன செய்வார்கள் என்று யோசித்தான். அழுவார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. பென் டிரைவை எடுத்துச் செருகினான். ஐந்தும் ஏறுவதற்குப் பதினெட்டு நிமிஷம் ஆகும் என்று காட்டியது. எழுந்து போய்க் கஞ்சி வைத்துக் குடித்தான்.

ஞாயிறு காலை குளித்து, சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு பத்தரைக்கே உட்கார்ந்துவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். கேள்வி இல்லாமல் என்ன பேசுவது என்று ஒரு தாளை எடுத்து எழுத முயன்றான். தாள் அப்படியே இருந்தது. மற்றவர்களெல்லாம் குழந்தைகளோடு என்னதான் பேசுகிறார்கள்? பத்து ஐம்பத்தைந்துக்கு ரெகார்டிங் தானாகத் தொடங்கியது. அதை நிறுத்தலாமா என்று பார்த்தான். சங்கரன் இன்றைய பதிவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஓடட்டும் என்று விட்டான்.

பதினொன்றுக்கு நீரஜா வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை, முதுகில் ஈரத்துண்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல வலது காதைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

"நீரு. கேக்கறதாம்மா?"

அவள் கை காதிலேயே நின்றது.

"கேக்கறது" என்றாள்.

"மைக் சரியாயிடுத்து."

"ம்."

முதுகிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் பின்னால் நகர்ந்து நேராக உட்கார்ந்தாள். ஐந்து வாரமாகத் திரைக்குள் வந்து விழாத குறையாக மூக்கை ஒட்டிக்கொண்டு பேசிய குழந்தை, இப்போது ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து அவன் நெற்றியைப் பார்த்தாள். வேதாந்தம் தொண்டையைச் செருமினான். அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"நேத்திக்கு ஒம்பது மணிக்குத் தூங்கிட்டேன்" என்றாள் நீரஜா. "ஆத்துக்கு யாரும் வரல. அம்மா ஏழு மணிக்கு வந்துட்டா. ஆட்டோல வந்தா. நெஜமாத்தான் சொல்றேன்."

"நான் ஒண்ணும் கேக்கலியே கண்ணா."

"சரி."

அவளும் காத்திருந்தாள், அவனும் காத்திருந்தான். வாயில் வந்ததெல்லாம் கேள்வியாகவே வந்தது. சாப்பிட்டாயா. என்ன சாப்பிட்டாய். யார் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக விழுங்கினான். எதைத் திறந்தாலும் அந்தக் குரல்தான் வெளியே வரும் என்று தோன்றியது. நேற்று ஸ்பீக்கரில் கேட்டபின் அது அவனுக்கே அந்நியமாக இருந்தது. திரையின் மூலையில் மணி பதினொன்று ஏழு. கடைசியில், "பல் விழுந்த எடத்துல மொளைச்சுடுத்தா?" என்றான். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

"தெரியல" என்றாள். வாயைத் திறந்து காட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பி, தாழ்ந்த குரலில், "அம்மா, டைம் ஆயிடுத்தா?" என்று கேட்டாள்.

வேதாந்தம் திரையின் மூலையைப் பார்த்தான். இன்னும் இருபத்து மூன்று நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை. மவுஸைப் பிடித்திருந்த கை நகர்ந்து திரைக்கு அடியில் இருந்த மைக் படத்துக்குப் போயிற்று. அழுத்தினான். படத்தின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

ஒன்று, என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தான். இரண்டு. மூன்று.

நீரஜா திரையைப் பார்த்தாள். அடுத்த மூன்றுக்கும் பார்த்தாள். "அப்பா? மறுபடியும் போயிடுத்தா?" என்றாள். தோள் இரண்டும் இறங்கின. காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். மடியில் இருந்த துண்டு கீழே விழுந்தது. நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்தாள். "பரவால்லப்பா. நீ சொல்லு, எனக்குப் புரியறது" என்றாள்.

அவன் எண்ணினான். பத்து, பதினொன்று. உதட்டை நன்றாகப் பிரித்து, புருவத்தைத் தூக்கி, கதை சொல்கிறவன் மாதிரி எண்ணினான். நீரஜா முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, அவன் வாயையே பார்த்து, நடுநடுவே ம் கொட்டினாள். அவளுக்குப் பின்னால் ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள். எட்டு மாதத்தில் அவளை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. குனிந்து திரையைப் பார்த்தாள். அவன் பெயருக்குப் பக்கத்தில், மைக்கை அவனே அணைத்திருக்கிறான் என்பது அங்கேயும் சிவப்பாகத் தெரிந்திருக்கும். கையிலிருந்த செல்போனைத் தூக்கி, அசையாமல் பிடித்து, திரையைப் படம் எடுத்தாள். சற்று நகர்ந்து இன்னொன்று எடுத்தாள். பத்து வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவள், எப்படி எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேதாந்தம் நிறுத்தவில்லை. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

"அய்யோ அப்பா! அது ஒனக்கு யார் சொன்னா?" என்று நீரஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இருபத்தெட்டு, என்று அவன் வாயசைத்தான்.